அமெரிக்க உள்நாட்டுப் போர்: காரண விளக்கங்கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

போரொன்றின் காரணங்களை ஆராய்தல், போர் ஓய்ந்த பின்னர் வரலாற்றாசிரியர் மேற்கொள்ளும் பணி என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயின், காரணம் பற்றிய விளக்கமே போரின் தொடர்ச்சியாக அமைந்துவிடுவதும் உண்டு. 1861 முதல் 1865 வரை ஐக்கிய அமெரிக்காவில் நடைபெற்ற உள்நாட்டுப் போர் இதற்குத் தக்கதோர் உதாரணமாகும். அப்போரிலே தோல்வியுற்ற தென்மாநிலத்தவர், போர் எதன்பொருட்டு நடந்தது என்ற வினாவுக்கு விடை கூறுவதில் மிக நீண்டகாலம் வெற்றியாளராக விளங்கினர். வென்ற வடமாநிலங்களின் பல்கலைக்கழகங்களிலும் பாடநூல்களிலும்கூட அவர்களது விளக்கம் செல்வாக்குடன் நிலவியது. இந்நிலை எவ்வாறு ஏற்பட்டது, அதனால் நலம் பெற்றோர் யாவர், அதனை மறுத்தெழுந்த ஆய்வுகள் எவ்வளவுக்கு நிறைவானவை ஆகிய வினாக்களை எழுப்பாது, காரணங்களையும் விளைவுகளையும் இரு பட்டியல்களாக வகுத்துரைப்பது பரீட்சைத் தேவைக்குப் போதுமானதாகலாம், வரலாற்றுணர்வுக்குப் போதுமானதன்று. போரின் காரணம் பற்றிய விளக்கங்களையும் போரின் விளைவுகளுள் ஒன்றாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பருத்திப் பொருளாதாரமும் அடிமை முறையும்

1787 இல் வரையப்பட்ட அமெரிக்க அரசியல் யாப்பு, அடிமை என்ற சொல்லைத் தவிர்த்துக்கொண்டே அடிமை முறைக்குப் பாதுகாப்பளித்தது. மாநிலங்களின் பிரதிநிதித்துவத்தைக் கணிக்கும்போது அடிமைகளின் தொகையில் ஐந்தில் மூன்று பங்கு சேர்த்துக்கொள்ளப்பட்டது. வாக்குரிமையற்ற மக்களின் தொகை, அவர்களை உடைமையாக வைத்திருந்தோரின் அரசியற் பலத்தைப் பெருக்க உதவிற்று. அக்காலத்திலே அடிமை முறை தானாகவே தேய்ந்து மறையும் என எதிர்பார்த்தோரும் இருந்தனர். அவ்வெதிர்பார்ப்பைப் பருத்தி பொய்ப்பித்தது. 1793 இல் ஈலை விற்னி பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் பொறியை அமைத்தார். இங்கிலாந்தின் இலங்காசயர் ஆலைகளின் தேவையும் சேர்ந்துகொள்ளவே, ஜோர்ஜியா தொடக்கம் டெக்சாஸ் வரையில் பருத்திப் பெருந்தோட்டங்கள் பரவின. 1790 இல் ஏறத்தாழ 7 இலட்சமாக இருந்த அடிமைகளின் தொகை 1860 இல் ஏறத்தாழ 39½ இலட்சமாக உயர்ந்தது. வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொணர்வது 1808 இல் தடைசெய்யப்பட்ட பின்னர், வேர்ஜீனியா போன்ற பழைய மாநிலங்களிலிருந்து தெற்கின் புதிய தோட்டங்களுக்கு மனிதரை விற்கும் உள்நாட்டு வாணிபம் பெருகியது. விற்கப்பட்டும் உடைமையாளரால் அழைத்துச் செல்லப்பட்டும் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் இவ்வாறு இடம்பெயர்க்கப்பட்டனர். பெற்றோர் ஒருபுறமும் பிள்ளைகள் ஒருபுறமுமாக எண்ணிறந்த குடும்பங்கள் சிதறின.

1860 அளவில் அமெரிக்க ஏற்றுமதிப் பெறுமதியில் அரைவாசிக்கு மேற்பட்டது பருத்தியாகும். அடிமைகளின் சந்தைப் பெறுமதி 300 கோடி டொலருக்குக் குறையாதது என மதிப்பிடப்பட்டுள்ளது. இது நாட்டின் புகையிரதப் பாதைகளிலும் ஆலைத்தொழில்களிலும் இடப்பட்டிருந்த மொத்த மூலதனத்திலும் கூடியதாகும். அடிமை முறை காலத்துக்கொவ்வாத ஒன்றாகையால் போரின்றியே அழிந்திருக்கும் என வாதிடுவோர், 1850 களில் அடிமைகளின் விலை ஏறிச் சென்றமையை விளக்கவேண்டியவராவர். 1974 இல் போகலும் எங்கர்மனும் வெளியிட்ட புள்ளிவிபர ஆய்வு, அடிமைப் பெருந்தோட்டம் இலாபகரமான முயற்சியே என நிறுவ முற்பட்டது. அவர்கள் அதனோடு நில்லாது, அடிமைகளின் வாழ்க்கை கருதப்பட்ட அளவுக்குக் கொடுமையானதன்று எனவும் கூறப் புகுந்தமை ஹேர்பட் கற்மன் முதலியோரின் கடுமையான மறுப்புக்குள்ளாயிற்று. உடைமையாளரின் இலாபக் கணக்கிலிருந்து உழைத்தவரின் வாழ்க்கை நிலையை ஊகித்தல் தவறாகும். எனினும், அடிமை முறை வலுவிழந்திருக்கவில்லை என்ற அளவில் அவர்களது முடிவு பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது.

வலுவுடன் விளங்கிய இம்முறை புதிய நிலங்களை வேண்டி நின்றது. மண் வளம் குன்றியமை மட்டும் இதற்குக் காரணமன்று. மேற்கே உருவாகும் ஒவ்வொரு புதிய மாநிலமும் செனற் சபையில் இரு ஆசனங்களைக் குறித்தது. எனவே 1820 இன் மிசூரி உடன்பாடு, மெக்சிக்கோவுடனான போரின் பின் எழுந்த 1850 இன் உடன்பாடு, 1854 இன் கன்சாஸ் - நெப்ராஸ்கா சட்டம் ஆகிய யாவும் ஒரே வினாவையே சுற்றி அமைந்தன. 1857 இல் ட்றெட் ஸ்கொற் வழக்கில் உயர் நீதிமன்றம், புதிய பிரதேசங்களில் அடிமை முறையைத் தடைசெய்யக் காங்கிரசுக்கு அதிகாரமில்லை எனவும், கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிகளாக இயலாது எனவும் தீர்ப்பளித்தது. அடிமை முறை மேலும் பரவுவதைத் தடுப்பதைக் கொள்கையாகக் கொண்டு 1854 இல் தோன்றிய குடியரசுக் கட்சியின் வேட்பாளரான ஆபிரகாம் லிங்கன் 1860 நவம்பரில் ஜனாதிபதியாகத் தெரிவுசெய்யப்பட்டார். அவருக்குக் கிடைத்தவை நூற்றுக்கு நாற்பது வீதமளவான வாக்குகளே. அவர் பதவியேற்பதற்கு முன்னரே ஏழு மாநிலங்கள் பிரிந்து சென்றன. 1861 ஏப்பிரலில் சம்ரர் கோட்டை தாக்கப்பட்டதன் பின்னர் மேலும் நான்கு மாநிலங்கள் அவற்றுடன் இணைந்தன.

பிரிந்து சென்றோர் தாமே கூறிய காரணம்

பிரிந்து சென்றோர் தமது காரணத்தை மறைக்கவில்லை. தென் கரோலினா 1860 டிசெம்பர் 20 ஆந் திகதி பிரிந்தது. நான்கு நாட்களின் பின்னர் அதற்கான காரணங்களை எடுத்துரைக்கும் பிரகடனமொன்றை வெளியிட்டது. மிசிசிப்பி, ஜோர்ஜியா, டெக்சாஸ் ஆகியனவும் அத்தகைய பிரகடனங்களை வெளியிட்டன. இவற்றுள் மிசிசிப்பியின் பிரகடனம் தொடக்கத்திலேயே தனது நிலைப்பாட்டை அடிமை முறையோடு ஒன்றுபடுத்திக் கூறுகின்றது. பிரிந்த மாநிலங்களின் கூட்டமைப்பில் உபஜனாதிபதியாயிருந்த அலெக்சாந்தர் ஸ்டீவன்ஸ் 1861 மார்ச்சு 21 இல் சவானா நகரில் ஆற்றிய உரையில், இனங்களின் சமத்துவமின்மையும் கறுப்பினத்தவரின் அடிமை நிலையுமே தமது புதிய அரசின் அத்திவாரம் என வெளிப்படையாகவே கூறினார். கூட்டமைப்பின் யாப்பு, அடிமைகள் மீதான உடைமை உரிமையைப் பாதிக்கும் எச்சட்டத்தையும் அதன் காங்கிரஸ் இயற்றலாகாது எனத் தடை விதித்தது.

பிற்காலத்தில் பெரிதும் எடுத்தாளப்பட்ட 'மாநில உரிமை' என்னும் வாதத்தை இவ்விடத்திற் சோதித்துப் பார்த்தல் பொருத்தமாகும். தென் கரோலினாவின் பிரகடனம் மாநிலங்களின் இறைமையைப் பேசுகின்றது என்பது உண்மையே. ஆயின், அதன் முதன்மையான முறைப்பாடு, தப்பியோடிய அடிமைகளைத் திருப்பியனுப்பும் கடப்பாட்டை வடமாநிலங்கள் தத்தம் சட்டங்களால் முடக்கிவிட்டன என்பதாகும். அதாவது, வடமாநிலங்கள் மாநில உரிமையைப் பிரயோகித்தமையே குற்றமாகக் காட்டப்பட்டது. தப்பியோடிய அடிமைகள் பற்றிய 1850 ஆம் ஆண்டுச் சட்டம், அதுவரை சமஷ்டி அரசுக்கு வழங்கப்பட்டிருந்த அதிகாரங்களுள் மிக விரிவான ஒன்றைத் தென்மாநிலத்தவரின் வற்புறுத்தலால் அதற்கு வழங்கியது. அடிமை முறையைக் காப்பதற்கு மத்திய அதிகாரம் பயன்பட்டபோது தெற்கு அதனை நாடியது. பயன்படாதெனத் தோன்றியபோது மாநில இறைமையை நாடியது. இரண்டிலும் மாறாதிருந்தது அடிமை முறையே. இறக்குமதித் தீர்வையே உண்மையான காரணம் என்ற வாதமும் இத்தகையதே. போருக்கு முன் நடைமுறையிலிருந்த 1857 ஆம் ஆண்டுத் தீர்வைச் சட்டம் தென்மாநில உறுப்பினரின் ஆதரவுடன் நிறைவேறியது. அத்தீர்வை பல ஆண்டுகளாக நிலவியவற்றுள் மிகக் குறைந்ததாகும். தீர்வையை உயர்த்திய மொறில் சட்டம் 1861 மார்ச்சில், தென்மாநில உறுப்பினர் பலர் காங்கிரசை விட்டு நீங்கிய பின்னரே நிறைவேறியது.

எனினும், தெற்கு அடிமை முறைக்காகப் பிரிந்தது என்பதிலிருந்து, வடக்கு அடிமைகளை விடுவிப்பதற்காகப் போர் தொடுத்தது என்ற முடிவு பெறப்படுவதில்லை. அடிமை முறை நிலவிய மாநிலங்களில் அதிற் தலையிடப் போவதில்லை என்பதே லிங்கன் பதவியேற்றபோது அளித்த உறுதிமொழியாகும். போரின் இலக்கு ஒன்றியத்தைக் காப்பது மட்டுமே எனக் காங்கிரஸ் 1861 யூலையில் தீர்மானித்தது. டெலவெயர், மேரிலாந்து, கென்ரக்கி, மிசூரி ஆகிய நான்கு அடிமை மாநிலங்கள் ஒன்றியத்திலேயே இருந்தன. இந்நிலையில் ஒன்றியத்தைக் காக்கும் போர், விடுதலைப் போராக மாறியது எவ்வாறு என்பதே பின்வந்த வரலாற்றாசிரியர் எதிர்நோக்கிய முக்கிய வினாவாகும். அவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகளை ஆராயுமுன், அவ்வினாவே எழாதவாறு செய்த ஒரு விளக்கத்தை நோக்குதல் வேண்டும்.

தோல்வியின் பின் தோன்றிய விளக்கம்

1865 இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அதனோடு, அடிமை முறைக்காகவே போரிட்டோம் எனக் கூறுவதனால் பெறத்தக்க மதிப்பும் ஒழிந்தது. 1866 இல் எட்வேட் பொலாட் எழுதிய 'இழந்த இலட்சியம்' என்னும் நூல், பின்னர் ஒரு கருத்துநெறிக்கே பெயராக அமைந்தது. சவானாவில் அடிமை முறையை அத்திவாரமாக்கிய அதே ஸ்டீவன்ஸ், 1868 முதல் 1870 வரை வெளியிட்ட இரு பாகங்கள் கொண்ட நூலில், போரை யாப்புக் கோட்பாடுகளுக்கிடையிலான மோதலாகச் சித்திரித்தார். கூட்டமைப்பின் ஜனாதிபதியாயிருந்த ஜெபர்சன் டேவிஸ் 1881 இல் வெளியிட்ட நூலும் அவ்வழியே சென்றது. ஏழாண்டு இடைவெளியில் ஒரே மனிதர் ஒரே நிகழ்வுக்கு அளித்த இரு விளக்கங்களை அருகருகே வைத்து நோக்கின், இடையில் மாறியது சான்றன்று, நலனே என்பது புலப்படும்.

இவ்விளக்கத்துக்குப் பல்கலைக்கழக மதிப்பைத் தேடிக்கொடுத்தது நியூ யோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் டனிங்கைச் சூழ்ந்து உருவான ஆய்வாளர் குழுவாகும். போரின் பின் தெற்கில் நிறுவப்பட்ட, கறுப்பினத்தவர் வாக்களித்துப் பங்குகொண்ட மறுசீரமைப்பு அரசாங்கங்களை ஊழலும் அறியாமையும் மலிந்த ஒரு பேரவலமாக அவர்கள் வருணித்தனர். இக்குழுவினர் மூல ஆவணங்களைத் திரட்டுவதிற் காட்டிய உழைப்பு மறுக்கற்பாலதன்று. ஆயின் அவ்வாவணங்களை அவர்கள் வாசித்த முறை, கறுப்பினத்தவர் ஆட்சித் தகுதியற்றவர் என்ற முடிந்த முடிபிலிருந்தே தொடங்கிற்று. அம்முடிபு தோமஸ் டிக்சனின் நாவலைத் தழுவி டி. டபிள்யூ. கிரிபித் நெறிப்படுத்திய 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்ற திரைப்படத்தின் வாயிலாக 1915 இல் பெருந்தொகையான மக்களைச் சென்றடைந்தது. அப்படம் வெள்ளை மாளிகையிலும் காண்பிக்கப்பட்டது. அதே ஆண்டிலேயே கு கிளக்ஸ் கிளான் என்னும் வன்முறை இயக்கம் ஜோர்ஜியாவில் புத்துயிர் பெற்றது. ஆய்வரங்கிலே பிறந்த ஒரு விளக்கம் வீதிக்கு வரும்போது யாது செய்யும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பொருளாதார விளக்கமும் அதன் குறைபாடும்

'இழந்த இலட்சியம்' என்னும் இக்கருத்துநெறியின் உணர்ச்சிவயமான சித்திரிப்பிலிருந்து விலகி, போரைச் சமூகப் பொருளாதாரச் சக்திகளின் மோதலாகக் கண்டவர்களுள் சாள்ஸ் பியேட், மேரி பியேட் தம்பதியினர் முதன்மையானோர். 1927 இல் வெளியான அவர்களது அமெரிக்க நாகரிக வரலாறு, உள்நாட்டுப் போரை இரண்டாவது அமெரிக்கப் புரட்சியாகக் கொண்டது. வடக்கின் ஆலை முதலாளிகளும் மேற்கின் விவசாயிகளும் இணைந்து தெற்கின் பெருந்தோட்ட உடைமையாளரை அதிகாரத்திலிருந்து அகற்றினர் என்பது அதன் சாரமாகும். போர்க்காலச் சட்டங்கள் இதற்கு வலுவூட்டுவன. மேற்கு நிலங்களைக் குடியேறுவோர்க்கு வழங்கும் சட்டமும், பசிபிக் கரைவரையிலான புகையிரதப் பாதைக்கான சட்டமும் 1862 இல் நிறைவேறின. தேசிய வங்கிச் சட்டம் 1863 இல் நிறைவேறியது. கைத்தொழில் முதலாளித்துவத்தின் துரித வளர்ச்சிக்கு வழி திறக்கப்பட்டது.

இவ்விளக்கம் தனிமனிதரின் குணநலன்களையும் தற்செயல்களையும் கொண்டு வரலாற்றை விளக்கும் போக்கிலும் பன்மடங்கு மேலானது. ஆயினும் அதனை அப்படியே ஏற்பதிற் பெருந்தடையொன்று உண்டு. வடக்கின் முதலாளித்துவம் தெற்கின் அடிமை முறைக்கு இயல்பிலேயே பகையானது என அது கொள்கின்றது. நடைமுறையில் நியூ யோர்க்கின் வணிகரும் வங்கியாளரும் பருத்தி வாணிபத்தாற் செழித்தனர். நியூ இங்கிலாந்தின் நெசவாலைகள் அடிமைகள் பறித்த பருத்தியையே நூற்றன. 1861 சனவரியில் நியூ யோர்க் நகர முதல்வர் பெர்னாண்டோ வூட், தமது நகரமும் ஒன்றியத்திலிருந்து பிரிந்து சுதந்திர நகரமாக வேண்டும் என ஆலோசனை கூறுமளவுக்கு அவ்வுறவு நெருக்கமாயிருந்தது. எனவே மூலதனத்தின் தேவை எனப் பொதுப்படக் கூறிப் போரை விளக்கிவிட முடியாது. பியேட் தம்பதியினரின் விளக்கத்திலே தீர்வையும் வங்கியும் புகையிரதப் பாதையும் வரலாற்றை இயக்குகின்றன; ஏறத்தாழ நாற்பது இலட்சம் அடிமைகள் அவ்வியக்கத்தின் பின்னணியாக மட்டுமே எஞ்சுகின்றனர். நோக்கத்தால் வேறுபட்டதாயினும், அடிமை முறையை மையத்திலிருந்து விலக்குவதில் இவ்விளக்கமும் தெற்கின் விளக்கத்தோடு ஒன்றுபட்டு விடுகின்றது.

பொருளாதார விளக்கம் இவ்வாறுதான் அமையவேண்டும் என்பதில்லை. போர் நடந்துகொண்டிருந்தபோதே கார்ல் மார்க்ஸ் நியூ யோர்க்கின் 'டெயிலி றிபியூன்' பத்திரிகைக்கும் வியன்னாவின் 'டி பிறெசே' பத்திரிகைக்கும் எழுதிய கட்டுரைகளில், இது தீர்வை பற்றிய பிணக்கு எனக் கூறிவந்த இலண்டன் பத்திரிகைகளை மறுத்தார். அடிமை முறையின் விரிவாக்கத் தேவையே பிணக்கின் உள்ளீடு என்பதை அவர் எடுத்துக்காட்டினார். பருத்தி வரவு நின்றதனால் இலங்காசயரில் பல இலட்சம் தொழிலாளர் வேலையிழந்து துன்புற்றனர். மறுபுறத்தில் பம்பாயிற் பருத்தி விலை உயர்ந்து ஊகவாணிபம் பெருகி, 1865 இற் போர் முடிந்ததும் பலரது செல்வம் சரிந்தது. இவ்விடர்களுக்கிடையிலும் 1862 டிசெம்பரில் மான்செஸ்ரர் நகரத் தொழிலாளர் கூட்டம் கூடி லிங்கனுக்கு ஆதரவு தெரிவித்தது. இலங்காசயர்த் தொழிலாளர் யாவரும் ஒரே மனத்தராக இருந்தனர் எனக் கொள்ளுதல் மிகையாகும். எனினும் உடனடிப் பொருளாதார நலன் ஒன்றே மனிதரின் நிலைப்பாட்டை இயந்திர ரீதியாகத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இக்கூட்டம் சான்றாகின்றது.

அடிமைகள் வரலாற்றின் இயக்குநராக

ஒன்றியப் போர் விடுதலைப் போராக மாறியது எவ்வாறு என்ற வினாவுக்கு, அடிமைகளின் செயலை மையமாக வைத்து முழுமையான விடையளிக்க முற்பட்டது, டபிள்யூ. ஈ. பி. டு பொய்ஸ் 1935 இல் வெளியிட்ட 'அமெரிக்காவிற் கறுப்பினத்தவரின் மறுசீரமைப்பு' என்னும் நூலாகும். ஹாவட் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற முதலாவது கறுப்பினத்தவரான அவர், 1909 இலேயே அமெரிக்க வரலாற்றுக் கழகத்தின் கூட்டத்தில் மறுசீரமைப்பின் நன்மைகள் பற்றிய கட்டுரையைப் படித்திருந்தார். கால் நூற்றாண்டின் பின் வந்த இந்நூல், போரின் போது தோட்டங்களை விட்டு நீங்கிய அடிமைகளின் செயலை ஒரு பொது வேலைநிறுத்தம் எனப் பெயரிட்டு விளக்கியது.

இதன் வலிமையை ஒரு நிகழ்ச்சி உணர்த்தும். 1861 மே மாதத்தில் வேர்ஜீனியாவிலுள்ள மன்றோ கோட்டைக்கு மூன்று அடிமைகள் தப்பி வந்தனர். தென்மாநிலப் படைக்காக அரண் அமைக்கும் வேலையில் ஈடுபடுத்தப்பட்டிருந்தவர்கள் அவர்கள். அவர்களைத் திருப்பித் தருமாறு உடைமையாளர் சார்பிற் கேட்கப்பட்டபோது, சட்டத்தரணியாகவும் இருந்த தளபதி பென்ஜமின் பட்லர், வேர்ஜீனியா தன்னை அந்நிய நாடெனக் கூறிக்கொள்வதால் அமெரிக்கச் சட்டத்தின் பயனை அது கோரவியலாது என மறுத்து, அவர்களைப் போரிற் கைப்பற்றிய பொருளாக வைத்துக்கொண்டார். விடுதலை பற்றிய கொள்கை எதுவும் அரசிடம் இல்லாத வேளையில், தப்பி வந்த மூவர் அரசைக் கொள்கையொன்றை வகுக்கத் தூண்டினர். அவர்களைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கானோர் வந்தனர். 1861 ஓகஸ்ற், 1862 யூலை ஆகிய மாதங்களின் பறிமுதற் சட்டங்களும், 1863 சனவரி 1 இன் விடுதலைப் பிரகடனமும் இவ்வியக்கத்தின் பின் வந்தவையே. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் ஒன்றியத் தரைப்படையிற் சேர்ந்து போரிட்டனர். அவர்களுக்கு வெள்ளையரிலும் குறைந்த சம்பளம் வழங்கப்பட்டபோது மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் 54 ஆவது படைப்பிரிவினர் அதனைப் பெற மறுத்து நின்றனர். 1864 யூனில் காங்கிரஸ் சம்பளத்தைச் சமப்படுத்தியது.

டு பொய்சின் நூல் குறைகளற்றதன்று. திட்டமிட்ட அமைப்போ பொதுத் தலைமையோ இன்றி நிகழ்ந்த தப்பிச் செல்லலைப் பொது வேலைநிறுத்தம் எனக் கூறுவது, கைத்தொழிற் சமுதாயத்தின் கருத்தாக்கமொன்றைப் பெருந்தோட்டச் சமுதாயத்தின் மீது ஏற்றுவதாகும் எனலாம். மறுசீரமைப்பு அரசாங்கங்கள் சிலவற்றைத் தொழிலாளர் சர்வாதிகாரம் என்ற கோணத்தில் அவர் நோக்க முயல்வதும் ஏற்புடையதன்று. அவ்வரசாங்கங்கள் பெருந்தோட்ட நிலங்களைப் பறித்துப் பங்கிடவில்லை. சுவடிக்கூட ஆவணங்களை விட அச்சில் வந்தவற்றையே அவர் பெரிதும் ஆதாரமாகக் கொண்டார். கறுப்பின ஆய்வாளர்க்குத் தென்மாநிலச் சுவடிக்கூடங்கள் எளிதில் திறவாத காலம் அது என்பதை நினைவிற் கொண்டே இக்குறையை மதிப்பிடல் வேண்டும். பெண்களின் உழைப்பும் எதிர்ப்பும் அவரது நூலிற் போதிய இடம்பெறவில்லை; தவோலியா கிளிம்ப் 2008 இல் வெளியிட்ட ஆய்வு போன்றன அவ்விடத்தை நிரப்புகின்றன. இவை யாவற்றையும் கருத்திற்கொண்ட பின்னரும் நூலின் மையக் கருத்து நிலைபெறுகின்றது. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் 1976 இல் தொடங்கிய ஆவணத் திட்டம், விடுதலை பெற்றோரின் மனுக்களையும் கடிதங்களையும் வாக்குமூலங்களையும் 1982 முதல் வெளியிட்டு வந்துள்ளது. அவை விடுதலையில் அடிமைகளின் பங்கை டு பொய்ஸ் மிகைப்படுத்தவில்லை என்பதை உணர்த்துகின்றன. நூல் வெளியானபோது அமெரிக்க வரலாற்றுத்துறையின் முதன்மைச் சஞ்சிகை அதற்கு மதிப்புரை எழுதவில்லை என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது.

விளைவுகள்: கிடைத்ததும் பறிபோனதும்

போரில் மாண்டோர் 6,20,000 பேர் என நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. குடித்தொகைக் கணிப்புகளைக் கொண்டு 2011 இற் செய்யப்பட்ட மதிப்பீடு அதனை ஏறத்தாழ 7½ இலட்சம் எனக் கொண்டது. இப்பெரும் உயிரிழப்பின் பயனாக யாப்பிலே மூன்று திருத்தங்கள் இடம்பெற்றன. 1865 இன் பதின்மூன்றாவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1868 இன் பதினான்காவது திருத்தம் குடியுரிமையையும் சட்டத்தின் சமமான பாதுகாப்பையும் வழங்கியது. 1870 இன் பதினைந்தாவது திருத்தம் இனங் காரணமாக வாக்குரிமை மறுக்கப்படுவதைத் தடுத்தது. கறுப்பினத்தவர் வாக்களித்தனர், மாநிலச் சட்டமன்றங்களுக்கும் காங்கிரசுக்கும் தெரிவாயினர். 1870 இல் மிசிசிப்பியின் ஹைரம் றெவல்ஸ் செனற் சபையில் அமர்ந்தார். தென்மாநிலங்கள் பலவற்றில் அரசாங்கப் பொதுக்கல்வி முறை வேரூன்றியதும் இக்காலத்திலேயாகும்.

கிடைக்காதது நிலமாகும். 1865 சனவரியில் தளபதி சேர்மன் பிறப்பித்த கட்டளையின்படி தென் கரோலினா, ஜோர்ஜியா, புளோரிடா கரையோர நிலங்கள் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரையிற் பங்கிடப்பட்டன. ஏறத்தாழ 40,000 பேர் அவற்றிற் குடியேறினர். லிங்கனின் கொலைக்குப் பின் ஜனாதிபதியான அன்றூ ஜோன்சன் அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே அந்நிலங்களிற் பெரும்பகுதியைப் பழைய உடைமையாளரிடம் திருப்பிக் கையளிக்கச் செய்தார். 1862 இல் தலைநகர் வாஷிங்டனில் அடிமைகள் விடுவிக்கப்பட்டபோது நட்டஈடு பெற்றவர் உடைமையாளரேயன்றி அடிமைகளல்லர் என்பதையும் இதனோடு சேர்த்து நோக்குதல் தகும். நிலமற்ற சுதந்திர மனிதர் பழைய தோட்டங்களிலேயே பங்குக் குத்தகைக்காரராகிக் கடனிற் சிக்குண்டனர். தண்டனை பெற்ற குற்றவாளிகளிடம் கட்டாய வேலை வாங்கலாம் எனப் பதின்மூன்றாவது திருத்தம் விட்டுவைத்த விதிவிலக்கு, அலைந்து திரிந்தமை போன்ற குற்றங்களுக்காகச் சிறைப்பட்டோரைத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் வாடகைக்கு விடும் முறைக்கு இடமளித்தது.

அரசியல் உரிமையும் நிலைக்கவில்லை. 1873 இல் லூசியானாவின் கோல்பக்ஸ் என்னும் ஊரில் கறுப்பினத்தவர் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். அக்கொலை தொடர்பிற் சிலர் மீது விதிக்கப்பட்ட தீர்ப்பை உயர் நீதிமன்றம் 1876 இற் செல்லாததாக்கியது. 1877 இல் சமஷ்டிப் படையின் பாதுகாப்பு விலக்கப்பட்டது. 1890 இல் மிசிசிப்பி தொடக்கிவைத்த வழியிலே, எழுத்தறிவுச் சோதனை, தலைவரி ஆகியவற்றால் வாக்குரிமை பறிக்கப்பட்டது. லூசியானாவில் 1896 இல் 1,30,334 ஆக இருந்த பதிவுபெற்ற கறுப்பின வாக்காளர் தொகை 1904 இல் 1,342 ஆகியது. 1896 இல் உயர் நீதிமன்றம் இனப் பிரிவினைக்கு அங்கீகாரம் அளித்தது. பதினான்காம், பதினைந்தாம் திருத்தங்கள் தெற்கில் மீண்டும் பொருளுடையனவாவதற்கு 1964 இன் குடியியல் உரிமைச் சட்டமும் 1965 இன் வாக்குரிமைச் சட்டமும் வரவேண்டியிருந்தன.

டனிங் குழுவினரின் வரலாறு எழுதப்பட்ட காலம் இதுவே. கறுப்பினத்தவர் ஆண்ட காலம் அவலமானது எனக் கூறும் வரலாறு, அவர்களது வாக்குரிமையைப் பறிப்பதற்கு நியாயமாகப் பயன்பட்டது. போர் அடிமை முறை பற்றியதன்று என்பது நிலைநாட்டப்பட்டால், விடுதலை அப்போரின் தற்செயலான உபவிளைவாகிவிடும். விடுதலையில் அடிமைகளுக்குப் பங்கில்லை என்பது நிலைநாட்டப்பட்டால், அது லிங்கனின் கொடையாகிவிடும். கொடையாக வழங்கப்பட்டதை, பெற்றவர் தகுதியற்றவர் எனக் கூறித் திரும்பப் பெறலாம்; போராடிப் பெற்ற உரிமையை அவ்வாறு மீளப் பெறுதல் எளிதன்று. போரின் காரணம் பற்றிய சர்ச்சையில் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் இத்துணை விடாப்பிடியாக நின்றமைக்கு இதுவே காரணமாகும்.

முடிவாக

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, உள்நாட்டுப் போருக்கு அடிமை முறையே அடிப்படைக் காரணம் என்பது பிரிந்து சென்றோரின் வாக்குமூலங்களாலேயே உறுதிப்படுவது தெளிவு. அதனை மறுத்த விளக்கம் சான்றின் அடிப்படையிலன்றி நலனின் அடிப்படையிற் பிறந்தது. அதற்கு மாற்றாக எழுந்த பொருளாதார விளக்கம், உற்பத்தி முறைகளின் மோதலைக் கண்டதேயன்றி, அவற்றுள் ஒன்றிலே உற்பத்தியாளராக இருந்த மனிதரைக் காணத் தவறியது. டு பொய்சின் பங்களிப்பு, பொருளாதார அடிப்படையைக் கைவிடாமலே அம்மனிதரை வரலாற்றின் நடுவில் நிறுத்தியதாகும். 1988 இல் எரிக் போனர் எழுதிய மறுசீரமைப்பு வரலாறு முதலாகப் பின்வந்த முக்கிய ஆய்வுகள் அவர் இட்ட பாதையை விரிவுபடுத்தியவையே.

சர்ச்சை இன்னும் ஓயவில்லை. வேர்ஜீனியாவின் றிச்மண்ட் நகரில் 1890 இல் நிறுவப்பட்ட தென்மாநிலத் தளபதி றொபேட் லீயின் சிலை 2021 செப்டெம்பரிலேயே அகற்றப்பட்டது. போர் முடிந்து கால் நூற்றாண்டின் பின் எழுப்பப்பட்டு, நூற்றுமுப்பது ஆண்டுகள் நின்ற அச்சிலை போரின் நினைவுச்சின்னம் என்பதிலும், போர் பற்றிய ஒரு விளக்கத்தின் நினைவுச்சின்னம் என்பதே பொருந்தும். வரலாற்று மாணவர் ஒரு போரின் காரணங்களைக் கற்கும்போது, அவை எப்பொழுது, எவரால், எத்தேவையை முன்னிட்டுக் கூறப்பட்டன என்பதையும் உடன்கற்றல் இன்றியமையாததாகும்.